22 அங்குலமா, 26 அங்குலமா: பழைய மசில் காருக்கு ரேடியேட்டர் வாங்கிய கதை

என் வண்டி 1969 பிளிமத் ரோட் ரன்னர், பெரிய இன்ஜின் வைத்த பழைய அமெரிக்க மசில் கார். 383 கன அங்குல வி-8, அதாவது 6.3 லிட்டர். நான்கு கியர், ஏசி கிடையாது. குடியிருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்துக்குக் கிழக்கே. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, இந்த ஊரு வெயிலை மனுசனே தாங்க மாட்டேங்கறான். அம்பது வருசத்து இரும்பு தாங்குமா?" அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு கோடைகளும், தேவையில்லாமல் வாங்கிய ஒரு ரேடியேட்டரும் ஆயின. அந்தக் காசு உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் இங்கே பகல் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. நம் கணக்கில் 43 செல்சியஸ். ரேடியேட்டர் விஷயத்தில் இது வெறும் வானிலைச் செய்தி இல்லை. இன்ஜினைச் சுற்றிவரும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் ரேடியேட்டர் சூட்டை இறக்கும். தண்ணீர் 90 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 65. அதே தண்ணீர், காற்று 46 என்றால் வித்தியாசம் 44தான். கார் கம்பெனிகள் இருக்கும் மிச்சிகனில் மிதமான கோடைநாளில் தாராளமாக வேலை செய்த அதே ரேடியேட்டர், இங்கே மூன்றில் ஒரு பங்கு வேலையைக் கைவிட்டுவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1953இல் பக்கத்து ஊரான மேசாவில் பாலைவனச் சோதனைத் திடல் போட்டு வண்டிகளை வெயிலில் ஓடவிட்டது சும்மா இல்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் கோடையில் ஒரு சிக்னலில் நிற்கும்போது ஊசி சிவப்பை நோக்கிப் போனது. அன்று இரவே கணினியைத் திறந்து, "நான்கு ரோ, செம்பு, கனரகம்" என்று போட்டிருந்த ரேடியேட்டர் ஒன்றை ஆர்டர் செய்தேன். ரோ என்றால் தண்ணீர் ஓடும் டியூப்களின் வரிசை. பழையதும் 22 அங்குல அகலம், புதியதும் 22 அங்குலம். தடிமன் மட்டும் அதிகம். மாட்டினேன். நெடுஞ்சாலையில் கொஞ்சம் பரவாயில்லை. சிக்னலிலோ முன்னைவிட மோசம். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வந்து பானட்டைத் திறந்து பார்த்தவர் ரேடியேட்டரைத் தொடவே இல்லை. "எப்போ சூடாகுது? நிக்கும்போதா, ஓடும்போதா?" என்று மட்டும் கேட்டார். மற்ற எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான்.

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் சூடேறி, வேகம் பிடித்ததும் ஊசி இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது: ஃபேன், ஃபேனைச் சுற்றிய கூடு, ஃபேன் கிளட்ச், பெல்ட். அதற்குப் புது ரேடியேட்டர் மருந்தில்லை. தடிமனான ரேடியேட்டர் போட்டால், ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஃபேன் இன்னும் தடித்த சுவர் வழியாகக் காற்றை இழுக்க வேண்டிவரும். நான் செய்தது சரியாக அதைத்தான்.

மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, 65 மைல் வேகத்திலோ நீண்ட ஏற்றத்திலோ மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், காற்று தானாக வந்துகொண்டுதான் இருக்கிறது. சூட்டை ஏற்றுக்கொள்ள ரேடியேட்டருக்கு இடம் போதவில்லை, அல்லது தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை என்று பொருள். ரேடியேட்டரைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் இதுதான். இரண்டு நேரத்திலும் சூடேறினால் டியூப்கள் அடைத்திருக்கலாம், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், தீப்பொறி விழும் நேரமான டைமிங் தப்பியிருக்கலாம்.

என் வண்டிக்கு இரண்டு நோயும் இருந்தன, தனித்தனியாக. அதனால்தான் குழம்பிப் போனேன்.

வாங்குவதற்கு முன் பெரிய செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

மீட்டரை நம்பாதீர்கள். அந்தக் கால கிரைஸ்லர் வண்டிகளில் டாஷ்போர்டு மீட்டர்களுக்கு ஒரு சின்ன வோல்டேஜ் லிமிட்டர் வழியாகச் சுமார் 5 வோல்ட் போகும். அது பழுதானால் வெப்ப ஊசியும் பெட்ரோல் ஊசியும் சேர்ந்தே மேலே ஏறும். பெட்ரோல் போடாமலேயே டேங்க் நிறைந்துவிட்டதாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். துப்பாக்கி போல் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) கூட்டின் மேல் குறிபாருங்கள். பளபளக்கும் உலோகத்தில், முக்கியமாக வெற்று அலுமினியத்தில், அது தப்பாகக் குறைத்துக் காட்டும். பார்க்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் பாருங்கள்.

அதே கருவியால் ரேடியேட்டரின் முகம் முழுக்கத் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் சில பட்டைகள் மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை, டியூப் அடைத்துவிட்டது. என்னுடைய பழைய 22 அங்குல ரேடியேட்டரில் பயணி பக்கக் கால்வாசி இப்படிச் செத்துக் கிடந்தது.

கீழ் ஹோஸைப் பாருங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே கம்பிச் சுருள் இல்லாமலோ, ரப்பர் தளர்ந்தோ இருந்தால், அதிக வேகத்தில் உறிஞ்சலில் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். நிற்கும்போது பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும். ஒருவரை ஆக்ஸிலரேட்டர் மிதிக்கச் சொல்லி நீங்கள் ஹோஸைப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக் கை, டை, துப்பட்டா எதுவும் போகக்கூடாது.

இக்னிஷன் டைமிங்கும் ஒரு காரணம். அறுபதுகளின் கடைசியில் புகை விதிகளுக்காக ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) டைமிங்கைத் தாமதமாக்கி வைத்தார்கள். தாமதமாக எரியும் வாயு தன் சூட்டை வேலையாக மாற்றாமல் எக்ஸாஸ்ட் வழிகளிலும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரிலும் இறக்கிவிட்டுப் போகும். இன்ஜின் சூடேறினால், தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவத்தை மாற்றி டைமிங்கை முன்னால் தள்ளும் வெப்ப வால்வை அப்போதே பல வண்டிகளில் பொருத்தியிருந்தார்கள். அந்த வால்வு இப்போது வேலை செய்கிறதா, இல்லை யாரோ குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள். ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்கு, ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை உறிஞ்சும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. இன்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சங்ககிரியில் லாரி ஓட்டிய என் அப்பாவும் அதைச் செய்தவர்தான். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கொதித்தால் அதைக் கழற்றுவதுதான் அந்தக் காலத்து வைத்தியம். தெர்மோஸ்டாட் நிர்ணயிப்பது கீழ் எல்லையை. 180 ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் 82 செல்சியஸில் திறக்க ஆரம்பிக்கும். அது முழுக்கத் திறந்த பிறகு வண்டி எவ்வளவு சூடாகிறது என்பது அதன் கையில் இல்லை. 160க்கு மாற்றினால், கொதிநிலைக்குப் போய்ச்சேர இன்னும் சில நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். எடுத்தே விட்டால் இன்ஜின் பிளாக்குக்குள் பம்ப் உண்டாக்கும் அழுத்தம் குறைந்து, ஹெட்டின் சூடான மூலைகளில் நீராவிக் குமிழ் கட்டும். "தண்ணி வேகமா ஓடினா ஆற நேரம் கிடைக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. தப்பு. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் இறக்கும் மொத்தச் சூடு கூடுமே தவிர குறையாது.

காற்று முதலில்

என் வண்டியில் ஃபேனைச் சுற்றிய கூடான ஷ்ரவுட்டே இல்லை. தொழிற்சாலையிலிருந்தே இல்லாமல் வந்ததா, இடையில் யாரோ கழற்றினார்களா, தெரியாது. ஷ்ரவுட் இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்கும் காற்றைவிட, பக்கவாட்டிலிருந்து இழுத்து அதே சூடான காற்றைச் சுற்றிச் சுற்றிக் கடைவதுதான் அதிகம். ஷ்ரவுட் இருந்தால் ரேடியேட்டரின் நான்கு மூலைகளிலிருந்தும் காற்று வந்தே ஆக வேண்டும்.

ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளே, பாதி வெளியே இருக்க வேண்டும். இறக்கை நுனிக்கும் ஷ்ரவுட் வளையத்துக்கும் ஒரு அங்குல இடைவெளி போதும். இன்ஜின் மவுன்டில் அசையும் என்பதால் அதற்குக் குறையவும் கூடாது. நான் 18 அங்குல, ஏழு இறக்கை ஃபேனும், சூட்டுக்கு ஏற்ப இறுகும் கிளட்ச்சும் போட்டேன். கிளட்ச்சின் முகத்தில் இருக்கும் சுருள் பட்டை ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டை உணர்ந்து ஃபேனை இறுக்கும். பழைய கிளட்ச் நல்லதா என்று பார்க்க, சூடான வண்டியை நிறுத்தியவுடன் ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். காற்றாடி போல் பல சுற்றுச் சுற்றினால் அது முடிந்துவிட்டது.

ரேடியேட்டருக்கும் முன்சட்டத்துக்கும் நடுவே இருக்கும் ஓட்டைகள், பானட்டின் முன்விளிம்பில் இருக்க வேண்டிய ரப்பர் பட்டை, இவற்றையும் பாருங்கள். காற்று சோம்பேறி. சுற்றிப் போக வழி இருந்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்குள் நுழையாது. முப்பது டாலர் ரப்பர் பட்டையில் எனக்கு மூன்று டிகிரி கிடைத்தது.

மின்சார ஃபேன் போடலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். போடலாம். ஆனால் நல்ல இரட்டை ஃபேன் 30, 40 ஆம்பியர் குடிக்கும். அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் ஐடிலில் அவ்வளவு தராது. ஃபேன் அதிகம் தேவைப்படுவதோ ஐடிலில்தான். கிரைஸ்லர் வண்டிகளில் இன்னொரு வில்லங்கம்: சார்ஜ் ஆகும் மின்சாரம் முழுவதும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தகடு) கனெக்டர் வழியாக டாஷ்போர்டு அம்மீட்டருக்குப் போய்த் திரும்பி வரும். கூடுதல் சுமை ஏற்றினால் அந்தக் கனெக்டர் உருகும். வயரிங்கை மாற்றாமல் மின்சார ஃபேன் போட்டு, டாஷ்போர்டிலிருந்து புகை வந்த வண்டியைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் கிளட்ச் ஃபேனோடு நிறுத்திக்கொண்டேன். உங்களுக்கு மின்சார ஃபேன்தான் வேண்டும் என்றால் 100 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர், தனி ரிலே, தனிக் கனத்த வயர் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஃபேனை ரேடியேட்டரின் ஃபின்னுக்குள் நுழைத்துக் கட்டும் பிளாஸ்டிக் கட்டுகளில் மாட்டாதீர்கள். அதிர்வில் டியூபைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும்.

ஷ்ரவுட், கிளட்ச், ரப்பர் பட்டை மூன்றும் போட்ட பிறகு சிக்னல் நோய் தீர்ந்தது. மலை நோய் மிச்சம். ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம், ஃப்ளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். நடுவில் இன்டர்ஸ்டேட் 17. பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் சன்செட் பாயிண்ட் வரைக்கும் மூச்சு முட்ட ஏறும் சாலை. அங்கே ஒவ்வொரு தடவையும் ஊசி 110 செல்சியஸைத் தொட்டுவிட்டு வந்தது.

இப்போது ரேடியேட்டர்

ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் முகத்தின் பரப்பைப் பாருங்கள். அகலம் பெருக்கல் உயரம். தடிமன் அதற்குப் பிறகு. காற்று முதல் வரிசை டியூபைத் தாண்டும்போதே சூடாகிவிடுகிறது. நான்காவது வரிசைக்கு வரும்போது அது ஏற்கெனவே கொதிக்கும் காற்று. அந்த வரிசையால் பெரிய பயன் இல்லை. ஆனால் முகத்தை அகலமாக்கினால் ஒவ்வொரு அங்குலமும் புதுக் காற்றைப் பார்க்கிறது.

கிரைஸ்லர்காரர்களுக்கு இது அந்தக் காலத்திலேயே தெரியும். ரோட் ரன்னரில் சாதாரணமாக 22 அங்குல ரேடியேட்டர். அதிகக் குளிரூட்டல் கேட்டவர்களுக்கும், வேகப் பிரியர்களுக்கான பின் ஆக்ஸில் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கும் 26 அங்குலம். உயரம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. நான் மாட்டிய நான்கு ரோ ரேடியேட்டரால் முடியாததை இந்த நான்கு அங்குலம் செய்தது.

ஆனால் 22 அங்குல வண்டியின் முன்சட்டத்தில் திறப்பு சின்னது. 26 மாட்ட அதை வெட்டி அகலப்படுத்த வேண்டும், அல்லது சட்டத்தையே மாற்ற வேண்டும். என் வண்டியின் இன்ஜின் எண்ணும் உடல் எண்ணும் பொருந்தாதவை. ஏலத்தில் யாரும் கண்ணீர்விடப் போவதில்லை என்பதால் வெட்டினேன். உங்களுடையது எண் பொருந்திய வண்டி என்றால் ரம்பத்தை எடுக்காதீர்கள். ரேடியேட்டரின் இரு முனைகளிலுள்ள அசல் டேங்குகளை வைத்துக்கொண்டு, நடுவில் டியூபும் ஃபின்னும் சேர்ந்த பகுதியான கோரை மட்டும் நெருக்கமான டியூப் உள்ள புதியதாக மாற்றித்தரும் ரேடியேட்டர் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. விலை புது அலுமினிய ரேடியேட்டரைவிட அதிகமாகக்கூட வரும். டேங்கின் மேல் இருக்கும் தொழிற்சாலை முத்திரை எண் காப்பாற்றப்படும். வண்டியின் விலையில் அது திரும்பக் கிடைக்கும்.

செம்பா அலுமினியமா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் பாதி உண்மை பேசுகிறது. செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும், உண்மை. ஆனால் பழைய ரேடியேட்டரில் ஃபின்தான் செம்பு. டியூப் பித்தளை, இரண்டையும் ஒட்டுவது ஈயப்பற்று. ஈயப்பற்று கடத்துவது செம்பில் எட்டில் ஒரு பங்குதான். தவிர, பித்தளை டியூபை அழுத்தம் தாங்க அரை அங்குலம், ஐந்தெட்டு அங்குல அகலத்தில்தான் செய்வார்கள். அலுமினிய டியூபை ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்று அகலமாகச் செய்யலாம். ஒரு அங்குல டியூப் இரண்டு வரிசை என்றால், அரை அங்குல டியூப் நான்கு வரிசைக்குச் சமம். இடையில் வீணாகும் சந்து குறைவு, எடை பாதிக்குப் பக்கம். அதனால் "எத்தனை ரோ?" என்று கேட்காதீர்கள். "டியூப் எத்தனை அங்குலம், எத்தனை வரிசை?" என்று கேளுங்கள். விற்பவர் டியூப் அகலத்தைச் சொல்ல மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

"700 குதிரைசக்தி தாங்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். பெட்ரோல் எரித்த சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள் போகிறது. அந்தச் சூடு எவ்வளவு என்பது, அந்த நேரத்தில் நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 335 குதிரைசக்தி என்று விற்கப்பட்ட என் இன்ஜின், சமதள நெடுஞ்சாலையில் 30 சொச்சம் குதிரையைத்தான் பயன்படுத்துகிறது. ஏற்றத்தில் அது பல மடங்காகிறது, அதுவும் நிமிடக்கணக்கில். கால் மைல் பந்தயத்தில் முழு மிதி பதினைந்து நொடி; மலையில் பதினைந்து நிமிடம். ரேடியேட்டருக்குப் பரீட்சை மலைதான்.

ஃபின் நெருக்கம். ஒரு அங்குலத்துக்கு 10, 12 ஃபின் என்பது பழைய பாணி. 14 முதல் 16 வரை நல்லது. அதற்கும் மேல் போனால் பாலைவனத்துப் புழுதியும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும், நிற்கும்போது ஃபேனுக்கும் சுமை. வீடு வயல்வெளிப் பக்கம் என்றால் 14ஐத் தாண்டாதீர்கள்.

டியூபும் தகடும் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உலையில் பற்றவைத்த கோர் ஒரே உலோகம்போல் தெரியும். மலிவானவற்றில் அந்த இடத்தில் சாம்பல் நிற எபாக்ஸிப் பசை வழிந்திருக்கும். எபாக்ஸி எல்லாம் உடனே ஒழுகிவிடாது. ஆனால் ஒழுக ஆரம்பித்தால் எந்தப் பட்டறைக்காரரும் கையை வைக்க மாட்டார். டேங்க் ஓரங்களில் வெல்டிங் மணிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பொருந்துமா என்பது அடுத்தது. இங்கேதான் திரும்ப அனுப்பும் கூரியர் செலவு எல்லாம் பிறக்கிறது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் எந்தப் பக்கம் என்று வண்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பட்டியலைப் பார்த்து அல்ல. ஐம்பது வருடத்துக்கும் மேல் ஓடிய வண்டியில் இன்ஜினும் பம்பும் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஃபோர்டின் 289, 302 இன்ஜின்களில் 1969 வரை கீழ் ஹோஸ் பயணி பக்கம். 1970 முதல் வந்த பம்பில் ஓட்டுநர் பக்கம். 1966 மஸ்டாங்கில் பிற்காலத்துப் பம்ப் உட்கார்ந்திருந்தால் '1966 மஸ்டாங்குக்கு' என்று விற்கும் ரேடியேட்டர் பொருந்தாது. செவர்லேயில் 1969இல் குட்டைப் பம்ப் போய் நீளப் பம்ப் வந்தது. ஃபேன் ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல் முன்னே நகர்ந்துவிடும். தடித்த ரேடியேட்டர் வாங்கினால் ஃபேன் இடிக்கும். ஃபேன் முகத்துக்கும் கோருக்கும் நடுவே குறைந்தது ஒரு அங்குலம் வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு தெர்மாக்கோல் பலகையைப் புது ரேடியேட்டரின் தடிமனுக்கு வெட்டி, அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் எண்ணெய்க்கான கூலர் டேங்குக்குள் இருக்கிற ரேடியேட்டர்தான் வேண்டும். என்னுடையது கையால் மாற்றும் கியர் என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

மேலிருந்து கீழா, குறுக்காகவா? என் வண்டி போன்றவற்றில் தண்ணீர் மேல் டேங்கிலிருந்து கீழே இறங்கும். 1968 முதல் 1972 வரையான செவர்லே செவெல் போன்றவற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குறுக்கே ஓடும். குறுக்கோட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. ரேடியேட்டர் மூடியைத் தண்ணீர் வெளியேறும் பக்க டேங்கில் வைக்க முடியும். பம்ப் தள்ளும் அழுத்தம் மூடியை நேராக அழுத்தாது. மேலிருந்து இறங்கும் ரேடியேட்டரில் மூடி தள்ளும் பக்கத்திலேயே இருக்கும், அதனால் நல்ல மூடி முக்கியம். அதற்காக வண்டியின் முறையையே மாற்றப் புறப்படாதீர்கள்.

மூடியில் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமும் கொதிநிலையை ஒன்றரை செல்சியஸ் போல உயர்த்தும். பாதி கூலன்ட் (தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம்), பாதித் தண்ணீர் கலவை 15 பி.எஸ்.ஐ. மூடியின் கீழ் 129 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ஃப்ளாக்ஸ்டாஃப் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93இலேயே கொதித்துவிடும் என்பதை நினைத்தால் இந்த மூடியின் அருமை புரியும். சூடான வண்டியில் அதைத் திறக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரு தடவை திறக்கிறார்கள். என் அப்பாவின் வலது முன்கையில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

மாட்டும்போது

பழைய தண்ணீரை வடித்து, பிளாக்கையும் ஹீட்டரையும் துரு நீங்கக் கழுவிய பிறகே புது ரேடியேட்டரை மாட்டுங்கள். இல்லையென்றால் ஐம்பது வருடத்துத் துரு எல்லாம் புது டியூபில் போய்க் குடியேறும். வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், திறந்த சட்டியிலும் விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கினால் செத்துவிடும்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஃபீனிக்ஸ் தண்ணீர் கெட்டிலில்கூட வெள்ளைப் படலம் கட்டும் அளவுக்குக் கடினம். வாலை வடிநீர் ஒரு கேலன் இரண்டு டாலருக்குக் கிடைக்கிறது. கூலன்ட் கூடக் கூட உறைவதிலிருந்து பாதுகாப்பு கூடும், சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். பாதிக்குப் பாதி கலந்தால் வெறும் தண்ணீரைவிட ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம் குறைவு. நான் கோடையில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போடுகிறேன். குளிர்காலத்தில் ஃப்ளாக்ஸ்டாஃப் போவதென்றால் பாதியாக்கிக்கொள்கிறேன். ஈயப்பற்று உள்ள செம்பு ரேடியேட்டருக்குப் பழைய பச்சைக் கூலன்ட்தான் நம்பகமானது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

அலுமினியத்துக்கு எதிரி தப்பிப்போகும் மின்சாரம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைக் கூலன்ட்டில் மட்டும் நனையுமாறு விடுங்கள், டேங்கைத் தொடாமல். விளக்கு, ஹீட்டர், ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் ஏதோ ஒன்றின் எர்த் சரியில்லை, மின்சாரம் தண்ணீர் வழியாகத் திரும்பி வருகிறது. அதைச் சரிசெய்யாமல் விட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அலுமினியமும் ஊசி ஊசியாக ஓட்டை விழும். ரேடியேட்டரை ரப்பர் மேல் உட்காரவைத்து, எந்த எர்த் வயரையும் அதில் மாட்டாதீர்கள்.

நிரப்பும்போது வண்டியின் மூக்கைக் கொஞ்சம் உயரத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை மூடி இல்லாமல் ஓடவிட்டு, குமிழ் நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு ஓட்டங்களுக்குப் பிறகு, ஆறிய வண்டியில் ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள். ரப்பர் கொஞ்சம் அமிழ்ந்திருக்கும்.

இரண்டாவது கோடையின் ஆகஸ்டில் அதே மலையை ஏறினேன். வெளியே 44 டிகிரி. என் மனைவி ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சன்செட் பாயிண்ட் வாகன நிறுத்தத்தில் நிறுத்தி, தெர்மோஸ்டாட் கூட்டின் கறுப்பு டேப்பில் குறிபார்த்தேன்: 97. "ஊசி எறங்கிருச்சுங்க, நமக்குத்தான் ஊத்துது" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வண்டியில் ஏசி வைப்பதா என்று அன்றிலிருந்து வீட்டில் பேச்சு ஓடுகிறது. வைத்தால் ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை இறக்கும் கண்டென்சர் ஒன்று வந்து உட்காரும். 26 அங்குலம் பற்றாமல் போகலாம். அந்த நான்கு ரோ 22 அங்குல ரேடியேட்டர் இன்னும் கராஜில் இருக்கிறது. குளிர்ந்த ஊர்க்காரர் யாராவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.